ஒரு மணி நேர பேட்ச்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஏதாவது ஒரு மாடியில் இன்னமும் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருக்கும். கீழே ஜெராக்ஸ் கடை, பக்கத்தில் பேக்கரி. படியில் கால் வைக்கும்போதே சத்தம் கேட்டுவிடும். கணினி வந்து இத்தனை காலம் ஆகியும் ரெமிங்டனும் ஃபேசிட்டும் அங்கே ஓய்வு பெற்றுவிடவில்லை. டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் வேலைக்கு லோயர், ஹையர் சான்றிதழ் வேண்டுமே. லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45.

அங்கே முதல் பாடத்தில் சொற்களே கிடையாது. ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். பிறகு வலக்கைக்கு அரைப்புள்ளி, எல், கே, ஜே, ஹெச், ஜே. பக்கம் முழுக்க இதையே அடிக்க வேண்டும். பழைய இயந்திரத்தில் எழுத்துக்கு அழுத்தம் கொடுப்பது விரல்தான் என்பதால், தாளைப் பார்த்தாலே அடித்தவரின் கை தெரிந்துவிடும். ஆள்காட்டி விரல் அடித்த எஃப் கன்னங்கரேலென்று இருக்கும். இடக்கைச் சுண்டுவிரல் அடித்த ஏ மட்டும் வெளிறிப்போயிருக்கும். ‘சுண்டுவிரல் தூங்குது’ என்று மாஸ்டர் தாளைத் திருப்பிக் கொடுப்பார். குனிந்து கீயைப் பார்க்கக் கூடாது. தப்பான எழுத்தின் மேலேயே மறுபடி அடிக்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்துவிட வேண்டும். அடுத்த பேட்ச் ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருப்பார். இன்னும் கொஞ்ச நேரம் அடிக்கட்டுமா என்று கேட்டால் ‘நாளைக்கு வாங்க’ என்ற பதில்தான் வரும்.

ஒழுங்கு, தன்முன்னேற்றம் பற்றிப் பேசும் புத்தகங்களில் மலையேறுபவர்கள் வருவார்கள், கோடீஸ்வரர்கள் வருவார்கள், படைத்தளபதிகள் வருவார்கள். தட்டச்சர் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றாட வேலையில் மனிதர் எப்படித் தேர்ச்சி பெறுகிறார் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாகத் தேடிப் போனது தந்தி ஊழியர்களையும் தட்டச்சர்களையும்தான். அவர்களுடைய ஒவ்வொரு விரலசைவையும் நொடியின் சிறு பின்னம்வரை அளக்கலாம். பிழை தானாகவே தாளில் பதிந்துவிடும். நேற்றுச் சேர்ந்தவரும் கிடைப்பார், முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவரும் கிடைப்பார். ஆய்வாளருக்கு வேறென்ன வேண்டும்?

அந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாட்டிலிருந்தே தொடங்கலாம். மெஷின் குறைவு, ஆள் அதிகம் என்பதால் வந்த ஏற்பாடு அது. பயிற்சி நேரம் பற்றிய கேள்வி பிரிட்டிஷ் அஞ்சல் துறைக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தது. அஞ்சல் குறியீடுகளை அங்கே புழக்கத்துக்குக் கொண்டுவந்த காலத்தில், கடிதத்திலுள்ள குறியீட்டைப் பார்த்து விசைப்பலகையில் அடிக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதுவரை கையால் கடிதம் பிரித்த தபால்காரர்களுக்குத் தட்டச்சு கற்பித்தாக வேண்டும். நாளுக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுப்பது? கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆலன் பேட்லியும் உடன் பணியாற்றிய லாங்மனும் தபால்காரர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம். இன்னொன்றுக்கு ஒரு மணி நேரமாக இருமுறை. மூன்றாவது குழுவுக்கு ஒரேயடியாக இரண்டு மணி நேரம். நான்காவதற்கு இரண்டு மணி நேரமாக இருமுறை, ஆக நான்கு மணி நேரம்.

1978இல் முடிவுகள் வெளியாயின. நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்கள் விசைப்பலகையைக் கற்றுக்கொள்ள மொத்தம் 35 மணி நேரம் போல எடுத்துக்கொண்டார்கள். நான்கு மணி நேரக் குழுவுக்கு 50 மணி நேரம் ஆயிற்று. ஒரே பாடம், ஒரே இயந்திரம். நாளோடு நாள் பரப்பி வைத்ததில் மட்டும் 15 மணி நேர உழைப்பு மிச்சம்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. நாட்கணக்கில் பார்த்தால் கதை தலைகீழ். ஒரு மணி நேரக்காரர் ஏழு வாரம் வந்து போக வேண்டும். நான்கு மணி நேரக்காரர் மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுவார். நாளை மறுநாளே ஆள் வேண்டும் என்கிற நிர்வாகம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு இந்த ஆய்வில் பிடித்த பகுதி மணிக்கணக்கு அல்ல. பயிற்சி எப்படி இருந்தது என்று தபால்காரர்களையே கேட்டிருக்கிறார்கள். மிகச் சிக்கனமாகக் கற்ற ஒரு மணி நேரக் குழுதான் மிக அதிருப்தியோடு இருந்தது. பக்கத்துக் குழு தங்களை முந்திக்கொண்டு போவது கண்ணில் படுகிறது; தாங்கள் தேங்கிக் கிடப்பதாகத் தோன்றிவிட்டது. மணிக்கணக்கில் அதிகம் செலவழித்தவர்களோ நிறைவாக இருந்தார்கள். ஒரே நாளில் வியர்க்க வியர்க்க உழைத்தால் கிடைக்கும் திருப்தி, எவ்வளவு கற்றோம் என்பதற்குச் சாட்சி ஆகாது. தேர்வுக்கு முந்தின இரவு கண்விழித்துப் படித்த எவரும் இந்தத் திருப்தியை அறிவார்.

இடைவெளி ஏன் உதவுகிறது என்பதற்கு ஒரு பதில் தூக்கத்தில் இருக்கிறது. 2002இல் மேத்யூ வாக்கரும் குழுவினரும் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். நான்கு விரல்களுக்கு எண் கொடுத்து 4-1-3-2-4 என்ற வரிசையைத் திரும்பத் திரும்பத் தட்டச் சொன்னார்கள். பகலில் 12 மணி நேரம் விழித்திருந்துவிட்டு வந்தவர்களிடம் பெரிய முன்னேற்றம் இல்லை. தூங்கி எழுந்து வந்தவர்கள், நடுவில் ஒருமுறைகூடப் பழகாமலே, ஏறத்தாழ 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். அந்த 20 சதவீதத்தில் ஒரு பங்கு களைப்பு நீங்கியதால் வந்தது என்று பிறகு வந்தவர்கள் வாதிட்டார்கள். அதுவும் நியாயமான வாதமே. களைப்பு நீங்கியதோ மூளை பாடத்தை உறுதிப்படுத்தியதோ, இரண்டுமே பேட்ச் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு நடப்பவை.

சரி, இப்படி நாளுக்கு ஒரு மணி நேரமாகப் பல மாதம் போனபின் கைக்குள் என்ன மாறுகிறது?

1890களில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் வில்லியம் லோ பிரையன் என்ற உளவியலாளரும், அதற்குமுன் தந்தித் துறையில் இருந்த நோபிள் ஹார்ட்டர் என்ற மாணவரும் இதை வரைபடமாகவே போட்டுக்காட்டினார்கள். தந்தி கற்பவர் முதலில் கட், கடகட என்ற ஒலியை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கேட்கிறார். சில மாதத்தில் எழுத்துகள் மறைந்து சொல் முழுதாகக் காதில் விழுகிறது. கைதேர்ந்தவருக்கு வாக்கியமே ஒலியாக வருகிறது. கேட்டதற்குச் சில சொற்கள் பின்தங்கி நிதானமாக எழுதிக்கொண்டு போவார். சின்னப் பழக்கங்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து பெரிய பழக்கங்கள் ஆகின்றன என்று 1899இல் அவர்கள் எழுதினார்கள்.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 1999இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியலின் ஆய்வகம் இந்தக் கட்டு கட்டும் வேலையை எலியின் மூளையில் கண்டது. டி வடிவப் பாதையில் ஓடி, ஒலிக்கேற்ப இடமோ வலமோ திரும்பினால் எலிக்குச் சாக்லேட். மூளையின் அடியாழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் மின்முனைகளைப் பொருத்திக் கவனித்தார்கள். பழகாத எலி ஓடும்போது வழி நெடுக அந்த நரம்பணுக்கள் படபடத்தன. பழகப் பழக நடுவழியில் அமைதி. ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடிப்பு. இடையிலுள்ள அடிகளும் திருப்பமும் ஒரே கட்டாகிவிட்டன.

மனிதரிடம் இந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமானது என்று அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கோர்டன் லோகனும் மேத்யூ கிரம்பும் காட்டியிருக்கிறார்கள். நன்றாகத் தட்டச்சு செய்பவரிடம் ‘இடக்கை எழுத்துகளை மட்டும் அடி, வலக்கை எழுத்துகளை விட்டுவிடு’ என்று சொல்லிப் பாருங்கள். பாதி வேலைதானே, விரைவாக முடியும் என்று தோன்றும். நடப்பது எதிர்மாறு: வேகம் சரிந்து தடுமாறுவார். எந்த எழுத்து எந்தக் கைக்கு உரியது என்பது அவருக்கு விழிப்பு நிலையில் தெரியாது. விரலைக் கவனிக்கத் தொடங்கிய கணமே ஓட்டம் கெட்டுவிடுகிறது. 2014இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் நிமிடத்துக்கு 72 சொல் அடிக்கக்கூடிய நூறு பேரிடம் எழுத்துகளற்ற வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 80 நொடியில் 26 எழுத்துகளில் சராசரியாக 15ஐத்தான் சரியாகக் குறித்தார்கள். நிரம்பப் படித்த விரல்கள், பாடத்தைத் தலையிடம் ஒப்புவிக்கவே இல்லை.

இந்த வரிசையில் உச்சம் 2010இல் லோகனும் கிரம்பும் செய்த ஒரு குறும்பு. தட்டச்சர் சரியாக அடித்த சில சொற்களைக் கணினி திருட்டுத்தனமாகப் பிழையாக்கித் திரையில் காட்டியது; அவர் பிழையாக அடித்த சிலவற்றைச் சத்தமில்லாமல் திருத்தியது. திரையைப் பார்த்த மனிதர் காட்டிய பிழையைத் தன் பிழை என்றே ஏற்றுக்கொண்டார். திருத்தியதைத் தான் சரியாக அடித்ததாகவே நம்பினார். விரல்கள் ஏமாறவில்லை. உண்மையில் தவறிய இடத்துக்கு அடுத்த விசையில் மட்டும் அவை ஒரு கணம் தயங்கின. கணினி புகுத்திய பிழைக்குத் தயங்கவே இல்லை. அலுவலகத்தில் கோப்பின் கடைசித் தாளை மட்டும் பார்த்துக் கையெழுத்திடும் மேலதிகாரி ஒருவர், ஒவ்வொரு வரியையும் அறிந்த குமாஸ்தா ஒருவர் என்று ஒரே உடம்புக்குள் இரண்டு பேர்.

இந்த ஏற்பாட்டின் லாபம் வெளிப்படை: கை பார்த்துக்கொள்ளும் வேலைக்குத் தலை தேவையில்லை, தலை வேறெதையாவது யோசிக்கலாம். நட்டமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. தலையின் கவனிப்பிலிருந்து வெளியேறிய வேலை, அத்தோடு வளர்வதை நிறுத்திக்கொள்கிறது.

தந்தி ஊழியர்களிடமும் இது தெரிந்தது. பெறும் வேகம் கொஞ்சம் ஏறும், பிறகு வாரக்கணக்கில் சமவெளியாகக் கிடக்கும், மறுபடி ஏறும். சமவெளி எல்லாருக்கும் வந்தே தீரும் என்ற பிரையன், ஹார்ட்டர் கருத்தைப் பின்னாளில் ஃபிரெட் கெல்லர் போன்ற உளவியலாளர்கள் ஏற்கவில்லை. முறையாகக் கற்பித்தால் சமவெளியே இல்லாமல் ஏறலாம் என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் வேலைக்குப் போதுமான வேகம் வந்ததும் பலர் அங்கேயே பாய் விரித்துவிடுகிறார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இதைச் சொல்லவே செலவிட்டார்: ஒரே வேலையைப் பல வருஷம் செய்வதும் அந்த வேலையில் பழகுவதும் வேறு வேறு. 1993இல் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை அவர் ஆராய்ந்தபோது, சிறந்தவர்களைப் பிரித்துக் காட்டியது குறிப்பிட்ட குறையைக் குறிவைத்துத் தனியே பழகிய நேரம்.

சர்வீஸ் என்ற சொல்லுக்கு நம் அலுவலகங்களில் இருக்கும் மரியாதையை நினைத்தால் இது கொஞ்சம் கசக்கும். மருத்துவர்கள் பற்றி 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இன்னும் கசப்பு. ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பணியனுபவம் கூடக் கூடச் சிகிச்சையின் தரம் ஏறும் என்றுதான் நாம் நினைப்போம். பாதிக்கும் மேற்பட்ட ஆய்வுகளில் தரம் குறைந்திருந்தது. படித்த காலத்துப் பாடம் பழசாகிவிட்டது, தாம் செய்ததன் விளைவு பல நேரம் கண்ணுக்கே வரவில்லை. வெளிறிப்போன ஏ எழுத்தைக் காட்டித் திருப்பிக் கொடுக்க மாஸ்டர் இல்லாத இடம் அது.

அதற்காக வயது ஏற ஏற இறங்குமுகம் என்று நினைக்க வேண்டாம். 1984இல் திமோத்தி சால்ட்ஹவுஸ் 19 வயது முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களை வரிசையாக உட்கார வைத்தார். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவது, ஒரே விரலால் விரைவாகத் தட்டுவது போன்றவற்றில் மூத்தவர்கள் பின்தங்கினார்கள். தட்டச்சில் பின்தங்கவில்லை. இளையவர்களைவிட அவர்கள் மூலத்தாளில் கூடுதல் எழுத்துகளை முன்கூட்டியே படித்துக்கொண்டு போனார்கள். விரல் மந்தமானதைக் கண் ஈடுகட்டியது. யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததாகத் தெரியவில்லை. வேலையின் நெருக்கடி அதைக் கற்பித்திருக்கிறது. அன்றாட வேலை வழியாக ஒருவர் வளர்வது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், இந்த எழுபது வயதுத் தட்டச்சரின் கண்ணைத்தான் காட்டுவேன்.

மனவுறுதியின் பங்கு இதில் எவ்வளவு? நாம் வழக்கமாக நினைப்பதைவிடக் குறைவு என்றே படுகிறது. 1998இல் ராய் பாமைஸ்டர் பசித்த மாணவர்களுக்கு முன்னால் சுடச்சுடச் சாக்லேட் பிஸ்கட்டை வைத்துவிட்டு, சிலரை முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னார். பிறகு விடையே இல்லாத புதிரைக் கொடுத்தார். பிஸ்கட் தின்றவர்கள் 19 நிமிடம் முயன்றார்கள். முள்ளங்கிக்காரர்கள் 8 நிமிடத்திலேயே கைவிட்டார்கள். மனவுறுதி என்பது செலவழிந்து தீரும் சரக்கு என்று முடிவுகட்டி நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்தன, புத்தகங்கள் விற்றன. 2016இல் 23 ஆய்வகங்கள் ஒன்றாகச் சேர்ந்து, 2,000க்கும் மேற்பட்டவர்களிடம், இதே கருத்தை வேறொரு சோதனையால் சரிபார்த்தபோது ஏறக்குறைய எந்த விளைவும் தென்படவில்லை. விவாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும், பழைய நம்பிக்கை பலமாக அடி வாங்கிவிட்டது.

2012இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹோஃப்மன் வேறு வழியில் போனார். 200 பேருக்குக் கைப்பேசி கொடுத்து, நாள் முழுக்க அவ்வப்போது மணியடித்து, ‘இப்போது எதற்காவது ஆசைப்படுகிறீர்களா, அதைத் தடுக்கப் போராடுகிறீர்களா?’ என்று கேட்டார். சுயகட்டுப்பாடு மிக்கவர்கள் வீரத்தோடு போராடுபவர்களாக இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. அவர்களுக்குப் போராட்டமே குறைவு. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பது பழமொழி. இவர்கள் மார்க்கத்தைப் போட்டு வைத்துவிட்டு மனத்துக்கு ஓய்வு கொடுத்தவர்கள் போலத் தெரிகிறது. மாலை ஆறு மணி பேட்ச்சுக்குப் போகிறவர் ‘இன்று பழகலாமா’ என்று தினமும் மனத்தோடு பஞ்சாயத்து வைப்பதில்லை. இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பணம் கட்டியாயிற்று, வராவிட்டால் மாஸ்டர் கேட்பார்.

இனி, பலரும் கேட்க விரும்பாத ஒரு செய்தி. ஒரு வேலையில் பழகிய ஒழுங்கு மற்ற வேலைகளுக்கும் பரவுமா? லத்தீனும் வடிவியலும் கற்பித்தால் மூளை பொதுவாகவே கூர்மையாகும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிகள் நம்பின. 1901இல் எட்வர்டு தார்ன்டைக்கும் ராபர்ட் உட்வொர்த்தும் அதைச் சோதித்தார்கள். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிட ஆட்களைப் பழக்கினார்கள். அதில் தேறியவர்களிடம் வேறு அளவில், வேறு வடிவில் உருவங்களைக் கொடுத்தபோது தேர்ச்சியில் சொற்பமே உடன் வந்தது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக வந்த ஆய்வுகள் பெரும்பாலும் இதையே திரும்பச் சொல்லியிருக்கின்றன: இரண்டு வேலைகளுக்குப் பொதுவான கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் கடந்து போகும். சிறு சிறு கட்டுப்பாடுகளைப் பழகினால் சுயகட்டுப்பாடு முழுவதும் வலுப்பெறும் என்ற புதிய வாதத்துக்கும் ஆதாரம் மெலிவு.

காலையில் படுக்கையை ஒழுங்காக மடித்து வைத்தால் வாழ்க்கையே ஒழுங்காகும் என்று மேடையில் பேசுபவர்கள் தார்ன்டைக்கைப் படித்திருக்க வாய்ப்பில்லை. படுக்கை மடித்தால் படுக்கை மடிந்திருக்கும். ஹையர் முதல் வகுப்பில் தேறியவர் வரவுசெலவுக் கணக்கை ஒழுங்காக எழுதுவார் என்பதற்கோ, சர்க்கரையைக் குறைப்பார் என்பதற்கோ எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆனால் எது கடந்து போகாது என்று தெரிந்தால், எதை மறுபடி கட்ட வேண்டும் என்பதும் தெரியும். அதே தட்டச்சர் காலை நடைக்குப் பழக நினைத்தால் அதற்கென்று ஒரு நேரமும் இடமும் தூண்டுதலும் புதிதாகத் தேவை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்தார். காலை உணவுக்குப்பின் ஒரு குவளை தண்ணீர், இரவு உணவுக்குமுன் ஓட்டம் என்று ஆளுக்கொரு சின்னக் காரியம். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர நடுத்தர அளவாக 66 நாள் ஆயிற்று. வளைகோட்டைப் பன்னிரண்டு வாரத்துக்கு அப்பாலும் நீட்டிக் கணக்கிட்டபோது சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி அதைவிட ஒன்றரை மடங்கு காலம் எடுத்தது. 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்ற பிரபலமான கணக்குக்கு இதில் இடமே இல்லை. நடுவே ஒரு நாள் தவறவிட்டவர்களையும் லாலி தனியே கவனித்தார். அவர்களுடைய வளைகோட்டில் அந்த ஒரு நாள் குறிப்பிடத்தக்க சரிவு எதையும் உண்டாக்கவில்லை. மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.